'காயாத கானகத்தே'... கிட்டப்பாவின் பாட்டைத் தன் பாட்டாக்கிய தென்கரைக்காரர்!

திண்டுக்கல்லில் மதுரை பாசஞ்சரைப் பிடிச்சா, அம்பாத்துரை, கொடைக்கானல் ரோடு, வாடிப்பட்டி தாண்டி சோழவந்தான் வரும். வெற்றிலைக்குப் பேர்போன ஊர். வைகையைத் தாண்டினால் தென்கரை. அங்கே 1924-ல் பிறந்த ஒரு பையன், ஊர்ப் பேரையே இனிஷியலாகச் சுமந்து சென்னைக்குப் போய் சினிமா ஹீரோ ஆனார். டி.ஆர்.மகாலிங்கம்.

பேர் கேட்டதும் மண்டையில் எதுவும் எரியலையா? 'செந்தமிழ் தேன்மொழியாள்' பாட்டைத் தாத்தா முணுமுணுத்தோ, ஏதாவது பாட்டுப் போட்டி மேடையிலோ கேட்டிருப்பீங்க. அவரேதான். ஆனா இந்தக் கட்டுரை அந்தப் பாட்டைப் பற்றி இல்லை. அவருக்கு முன்னாடியே ஊர் உலகம் முழுக்கப் பாடித் தீர்த்திருந்த ஒரு பாட்டை எடுத்து, 20 வயசில் அதைத் தன் பேரில் எழுதி வாங்கிக்கொண்டாரே... அந்தப் பாட்டைப் பற்றி. 'காயாத கானகத்தே'.

நடுராத்திரிப் பாட்டு

நிலக்கோட்டை, வேடசந்தூர், நத்தம் பக்கம் கிராமத்தில் சொந்தக்காரங்க இருக்கிறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். கோயில் திருவிழான்னா மூணாம் நாளோ அஞ்சாம் நாளோ 'வள்ளி திருமணம்' நாடகம் உண்டு. ராத்திரி பத்து மணிக்கு மேல் பபூன் வந்து சிரிக்க வைப்பார். அப்புறம் டான்ஸ். வள்ளி தினைப்புனம் காக்க வருவதற்குள் பாதிக் குழந்தைகள் பாயில் தூங்கிவிடும். நாரதர் வந்து வள்ளியோடு வாதம் பண்ணிவிட்டுப் போவார். அதற்குப் பிறகு, வேட்டைக்காரன் வேஷத்தில் முருகன் வருவார். மான் ஒன்றைத் தேடி வந்ததாக ஒரு சாக்கு. தேடுகிற மான் எதிரில் நிற்கிற வள்ளிதான் என்பது அவளைத் தவிர எல்லாருக்கும் தெரியும். அந்த இடத்தில் வருகிற பாட்டுதான் இது. உலகின் மிகப் பழைய 'ப்ரப்போஸல்' டெக்னிக்குகளில் ஒன்று.

எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் பிறந்து 1922-ல் மறைந்த நாடக ஆசான். 1918-ல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை' என்று சிறுவர்களை வைத்து ஒரு நாடகக் கம்பெனி தொடங்கியவர். பின்னாளில் கொடிகட்டிப் பறந்த டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே சேர்ந்து பயின்றவர்கள்தான். 

இந்த நாடகங்களுக்கு 'ஸ்பெஷல் நாடகம்' என்று பேர். இதில் ஒத்திகையே கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், ஆர்மோனியக்காரர் இன்னொரு ஊர். சாயங்காலம் பஸ் ஏறி வந்து, மேடைக்குப் பின்னாடி முகத்துக்குப் பவுடர் போடும்போதுதான் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பார்கள். ஆனாலும் விடிய விடிய நாடகம் நடக்கும். ஏன்னா, எல்லாருக்கும் அதே பாட்டுகள் மனப்பாடம். அதனால் 'காயாத கானகத்தே'வுக்கு ஒரிஜினல் என்று ஒரு வெர்ஷனைக் கைகாட்ட முடியாது. ஒவ்வொரு ராத்திரியும் ஒவ்வொரு ராஜபார்ட்டும் பாடுவது ஒரு கவர் வெர்ஷன்தான்.

கட்டை என்றால் என்ன?

பழைய ஆட்கள் மகாலிங்கத்தைப் பற்றிப் பேசினால் 'அஞ்சு கட்டைக் குரல்' என்பார்கள். ஆர்மோனியத்தில் ஸட்ஜமம் எந்தக் கட்டையில் நிற்கிறது என்பதுதான் கணக்கு. ஒரு கட்டை என்றால் கீபோர்டில் 'சி'. அஞ்சு கட்டை என்றால் 'ஜி'. கர்நாடக சங்கீதக் கச்சேரி செய்கிற ஆண்கள் பெரும்பாலும் ஒண்ணு, ஒண்ணரைக் கட்டையில் பாடுவார்கள். அதைவிட மூணு நாலு படி மேலே உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்து இன்னும் மேலே போனால் எப்படி இருக்கும்? நாமெல்லாம் முயற்சி பண்ணினால் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வருவார்.

இது வித்தை காட்டுவதற்காக வந்த பழக்கம் இல்லை. மைக் வராத காலத்தில் திறந்த வெளியில் ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்திருப்பார்கள். கடைசி வரிசைக்காரனுக்குக் கேட்கலைன்னா அந்த நடிகனுக்கு அடுத்த நாடகம் கிடைக்காது. அந்த மேடையின் முடிசூடா மன்னன் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா. 1906-ல் பிறந்தவர். 1926-ல் இலங்கை மேடையில் கே.பி.சுந்தராம்பாளோடு ஜோடி சேர்ந்தார். அடுத்த சில வருஷங்கள் அந்த ஜோடியின் 'வள்ளி திருமணம்'தான் தமிழ்நாட்டின் பிளாக்பஸ்டர். நிஜ வாழ்க்கையிலும் ஜோடி ஆனார்கள், பிரிந்தார்கள். 1933 டிசம்பரில், 27 வயசில் கிட்டப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். சுந்தராம்பாள் அன்றைக்கு உடுத்திய வெள்ளைச் சேலையைக் கடைசிவரை மாற்றவில்லை.

கிட்டப்பா சினிமாவில் நடிக்கவே இல்லை. மிஞ்சியது சில போட்டோக்களும் கிராமபோன் தட்டுகளும்தான். அதில் ஒன்று 'காயாத கானகத்தே'. அந்தக் காலத்துத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூணரை நிமிஷத்துக்கு மேல் இடம் கிடையாது. மேடையில் கால் மணி நேரம்கூட இழுக்கிற பாட்டை அதுக்குள் அடைக்கணும். இப்போ அந்தப் பதிவைக் கேட்டால், கரகரப்புக்கு நடுவில் ஒரு குரல் அவசர அவசரமாகப் பிர்காக்களைக் கொட்டிவிட்டு, மூச்சு வாங்காமல் மேலே ஏறுவது தெரியும். நேரம் குறைவு என்பதும் அதில் கேட்கும். கேட்கிறவனுக்குத்தான் மூச்சு வாங்கும்.

கிட்டப்பா மறைந்தபோது தென்கரைப் பையனுக்கு ஒன்பது வயசு.

14 வயசில் கிருஷ்ணர்

மகாலிங்கம் சின்ன வயசிலேயே நாடக மேடைக்கு வந்தவர். கிட்டப்பா மாதிரியே பாடுகிற பையன் என்று பேர் வாங்கியவர். சொல்லக் கேட்க நல்ல பேர்தான். ஆனால் யோசிச்சுப் பாருங்க... 'அவர் மாதிரி' என்ற வார்த்தை ஒரு பாடகனுக்கு எவ்வளவு நாள் இனிக்கும்?

ஏவி.மெய்யப்பன் அவரை மேடையில் கண்டெடுத்து 'நந்தகுமார்' படத்தில் கிருஷ்ணராக நடிக்க வைத்தார். 1938. அந்தப் படம் வேறொரு காரணத்துக்காகவும் சினிமா சரித்திரத்தில் நிற்கிறது. அதில் ஒரு நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் என்ற பாடகி குரல் கொடுத்தார். தமிழில் பின்னணி பாடும் வழக்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதுவரை பாடத் தெரிந்தால்தான் நடிக்க முடியும். அந்த விதி உடையத் தொடங்கிய படத்தில்தான், அந்த விதியின் கடைசி வாரிசுகளில் ஒருவர் அறிமுகமானார்! இந்தக் கணக்கு அவரைக் கடைசிவரை துரத்தும். பின்னாடி வருவோம்.

அடுத்த ஏழு வருஷம் சில படங்கள். பெரிசாக ஒன்றும் இல்லை. அப்போ ராஜாங்கம் எம்.கே.தியாகராஜ பாகவதரோடது. 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வந்து தியேட்டரை விட்டு நகர மறுத்தது. ஆனால் அந்த வருஷக் கடைசியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைது. 1947 வரை சிறை. பாடும் நாயகனின் நாற்காலி திடீரென்று காலியானது.

1945 ஏப்ரலில் 'ஸ்ரீவள்ளி' வெளியானது. முருகனாக மகாலிங்கம்.

காப்பியா, கவரா?

இப்போ அவர் நிலைமையை நினைச்சுப் பாருங்க. படம் வள்ளி கதை. வேடன் வரும் காட்சி இருக்கு. 'காயாத கானகத்தே' இல்லாமல் அந்தக் காட்சியை எடுத்தால் ஜனம் சும்மா விடாது. பாடினாலோ, தியேட்டரில் உட்கார்ந்திருக்கிற ஆள் கிட்டப்பாவை நேரில் கேட்டவனாக இருப்பான். இல்லைன்னா டீக்கடைத் தட்டில் நூறு தடவை கேட்டிருப்பான். அப்படியே பாடினால் காப்பி. மாற்றினால் கலாட்டா.

இந்தச் சிக்கல் நம்ம ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. ஃபங்க் இசையின் பிதாமகன் ஜேம்ஸ் பிரவுனின் 'ஐ காட் யூ' பாட்டை எடுத்துக்கங்க. ஆரம்பத்தில் ஒரு அலறல் வருமே, அதேதான். 1965-ல் உலகத்தையே ஆட வைத்த அந்தப் பாட்டு, 1962-லேயே யுவோன் ஃபேர் என்ற பாடகியின் குரலில் 'ஐ ஃபவுண்ட் யூ' என்று வேறு தலைப்பில் வந்தது. எழுதியவர் பிரவுனேதான். 1964-ல் தானே ஒருமுறை பாடிப் பதிவு செய்தார். மறுபடி 1965-ல் இன்னொரு முறை. மூணாவது தடவைதான் அது 'ஜேம்ஸ் பிரவுன் பாட்டு' ஆனது. வார்த்தை பெரிசாக மாறவில்லை. தாளம் எங்கே இறங்குது, எங்கே நிறுத்துறாங்க என்பதுதான் மாறியது.

மகாலிங்கமும் நிறுத்தங்களில்தான் கை வைத்தார் என்பது என் அபிப்பிராயம். கிட்டப்பா தட்டையும் ஸ்ரீவள்ளி பதிவையும் அடுத்தடுத்து கேளுங்க. கட்டை ரெண்டு பேருக்கும் உயரம்தான். ஆனால் கிட்டப்பா மின்னல் மாதிரி ஓடுகிற இடங்களில் மகாலிங்கம் கொஞ்சம் நின்று, வார்த்தையை முழுசாக உச்சரித்துவிட்டு மேலே போகிறார். கிட்டப்பாவின் முருகன் கடைசி வரிசைக்குப் பாடுகிறார். மகாலிங்கத்தின் முருகன் எதிரில் நிற்கும் பெண்ணிடம் பாடுகிறார். கேமராவும் மைக்கும் பக்கத்தில் இருக்கும்போது கத்த வேண்டியதில்லை என்று அந்த 20 வயசுப் பையனுக்குப் புரிந்திருக்கிறது. உயரத்தை விடவில்லை, அவசரத்தை விட்டுவிட்டார்.

படம் ஓஹோவென்று ஓடியது. 'கிட்டப்பா மாதிரி' என்ற அடைமொழி அதற்கப்புறம் பெரும்பாலும் பாராட்டாக மட்டும்தான் வந்தது.

அதே படத்தில் இன்னொரு மறுபதிவும் நடந்தது. வள்ளியாக நடித்தவர் குமாரி ருக்மிணி, நடிகை லட்சுமியின் அம்மா. அவர் தன் பாட்டுகளைத் தானே பாடியிருந்தார். படம் வெளியான பிறகு, மகாலிங்கத்தின் குரலுக்கு முன்னால் அது எடுபடவில்லை என்று மெய்யப்பனுக்குப் பட்டது. பி.ஏ.பெரியநாயகியை வைத்து வள்ளியின் பாட்டுகளைப் புதுசாகப் பதிவு செய்து, உதட்டசைவுக்குப் பொருத்தி, பிரதிகளை மாற்றினார். ஓடிக்கொண்டிருக்கும் படத்தின் நாயகிக்குக் குரலே மாறிவிட்டது! அந்தக் கணத்தில் ருக்மிணிக்கு எப்படி இருந்திருக்கும் என்று எந்த சாதனைப் பட்டியலும் சொல்லாது. திரையில் முகம் நம்முடையது, குரல் வேறொருத்தருடையது என்ற ஏற்பாடு அன்றைக்கு மகாலிங்கத்துக்குச் சாதகம்.

கிளம்பிய வேகம், விழுந்த வேகம்

1947-ல் 'நாம் இருவர்', 1948-ல் 'ஞானசௌந்தரி', 'வேதாள உலகம்'. வரிசையாக ஹிட். கையில் பணம் வந்ததும் பல நடிகர்கள் செய்கிற அதே காரியத்தை அவரும் செய்தார். சொந்தக் கம்பெனி. மகன் பேரில் சுகுமார் புரொடக்‌ஷன்ஸ். 'மச்சரேகை', 'மோகனசுந்தரம்', 'சின்னதுரை', 'விளையாட்டு பொம்மை' என்று 1950-லிருந்து 1954-க்குள் நாலு படங்கள். பாட்டுகள் நல்லா இருந்தன. கணக்குப் புத்தகம் நல்லா இல்லை. சம்பாதித்தது போய், கடனும் சேர்ந்தது.

நஷ்டம் மட்டும் காரணம் இல்லை. சினிமாவே மாறிவிட்டது. 1952-ல் 'பராசக்தி'. ஜனங்கள் வசனத்துக்குக் கைதட்ட ஆரம்பித்தார்கள். சிவாஜிக்கும் எம்.ஜி.ஆருக்கும் பாட டி.எம்.சௌந்தரராஜன் வந்தாச்சு. 1938-ல் தொடங்கிய அந்தப் பின்னணிப் பழக்கம் இப்போ சட்டமாகிவிட்டது. பி.யு.சின்னப்பா 1951-ல் மறைந்தார். சிறையிலிருந்து வந்த பாகவதரால் பழைய இடத்தைப் பிடிக்க முடியவில்லை. தானே பாடி நடிக்கிற ஹீரோ என்ற இனமே அருகிக்கொண்டிருந்தது. முப்பது வயசில் மகாலிங்கம் 'அந்தக் காலத்து ஆள்' ஆகிவிட்டார்.

கண்ணதாசன் படத் தயாரிப்பில் இறங்கியபோது எல்லாரும் கைவிட்ட அந்த ஹீரோவைத்தான் தேடிப் போனார். 'மாலையிட்ட மங்கை', 1958. மனோரமா காமெடியில் அறிமுகமானதும் அந்தப் படத்தில்தான். விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையில் 'செந்தமிழ் தேன்மொழியாள்'. மேடையிலிருந்து கொண்டுவந்த உயரம் அப்படியே இருக்க, மெட்டு மட்டும் சினிமா மெட்டு. படம் ஜெயித்தது. மகாலிங்கம் எழுந்து உட்கார்ந்தார்.

பாட்டுப் போட்டியில் ஒரே ஒரு நிஜக் குரல்

1965-ல் வந்த 'திருவிளையாடல்' படத்தை டிவியில் எத்தனை தடவை பார்த்திருப்போம்! அதில் ஹேமநாத பாகவதர் கதை ஞாபகம் இருக்கா? வெளியூரிலிருந்து வந்த பெரிய வித்வான் சவால் விட, மதுரையில் அவரை எதிர்க்க ஆள் இல்லை. பாணபத்திரர் என்ற ஏழைப் பாடகரைப் போட்டிக்கு நிறுத்துகிறார்கள். தன்னால் முடியாது என்று அவருக்கே தெரியும். கோயிலில் போய் அழுகிறார். அந்தப் பாணபத்திரர் நம்ம மகாலிங்கம்.

இப்போ அந்தப் பகுதியை மறுபடி பாருங்க. டி.எஸ்.பாலையாவுக்குப் பாடியவர் பாலமுரளிகிருஷ்ணா. விறகுவெட்டி சிவாஜிக்குப் பாடியவர் டி.எம்.எஸ். போட்டியே பாட்டுப் போட்டி. ஆனால் அதில் சொந்தக் குரலில் பாடுகிறவர், தோற்றுப் போவோம் என்று பயப்படுகிற அந்த ஒருத்தர் மட்டும்தான். சாமி வந்து ஜெயிக்க வைக்கிற பாத்திரத்தில், தன் காலம் முடிந்துவிட்டதாக ஒரு தடவை கேள்விப்பட்ட மனுஷன். டைரக்டர் ஏ.பி.நாகராஜன் நாடக மேடையிலிருந்து வந்தவர். அந்தத் தேர்வு தற்செயல் என்று நம்ப எனக்கு மனசு வரலை.

அதே படத்தில் இன்னொரு சொந்தக் குரலும் இருக்கு. கோவித்துக்கொண்டு போன முருகனைப் பழனி மலையில் சமாதானப்படுத்தும் ஔவையார். கே.பி.சுந்தராம்பாள். கிட்டப்பாவின் வள்ளியும், கிட்டப்பாவின் பாட்டைத் திரையில் பாடிய முருகனும் ஒரே படத்தில், வேறு வேறு கதைகளில். ரெண்டு பேரும் சேர்ந்து வரும் காட்சி இல்லை. ரெண்டு பேருமே அந்தப் படத்தில் பாடியது அந்தப் பழைய மேடைக் கட்டையின் பலத்தில்தான். அந்த ஔவை காட்சி நடக்கும் பழனி இன்றைக்கு நம்ம திண்டுக்கல் மாவட்டம்.

எழுபதுகளிலும் 'அகத்தியர்', 'ராஜராஜ சோழன்' என்று சில படங்களில் வந்து, நிமிர்ந்து நின்று பாடிவிட்டுப் போனார். 1978 ஏப்ரலில் மறைந்தார். வயசு 53.

இப்போ கேட்கணும்னா...

திண்டுக்கல் பக்கம் திருவிழா நாடகங்களில் ராஜபார்ட் நடிகர்கள் இன்னைக்கும் இந்தப் பாட்டைப் பாடுகிறார்கள். செல்போனில் எடுத்து யூடியூபில் ஏற்றிய வீடியோக்கள் ஏராளம். சிலர் கிட்டப்பா மாதிரி ஓடுகிறார்கள். சிலர் மகாலிங்கம் மாதிரி நின்று ஏறுகிறார்கள். சிலர் ஆர்மோனியக்காரரோடு மல்லுக்கட்டி, நடுவில் ஒரு சினிமாப் பாட்டையும் செருகி விசில் வாங்குகிறார்கள். வைபவ் நடித்து 2017-ல் வந்த 'மேயாத மான்' படத்தின் தலைப்புகூட இந்தப் பாட்டுக்குள் இருக்கிற வார்த்தைகள்தான். வள்ளிதான் அந்த மான்.

முதலில் கிட்டப்பா தட்டு, அப்புறம் மகாலிங்கம், கடைசியாக ஏதாவது ஒரு கிராமத்து மேடை என்ற வரிசையில் கேளுங்க. ஹெட்போன் நல்லது. தேடும்போது 'ஸ்ரீவள்ளி 1945' என்று வருஷத்தையும் சேர்த்து டைப் பண்ணணும். இல்லைன்னா சிவாஜியும் பத்மினியும் நடித்த 1961 கலர் படம் முன்னாடி வந்து நிற்கும். சரி, அதைத் தெரியாமல் திறந்துட்டாலும் உடனே மூடிடாதீங்க. அதில் நாரதராக வருகிறவர் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. வீணையோடு நிற்கிறவர், 16 வருஷத்துக்கு முன்னாடி முருகனாக நின்ற அதே தென்கரைக்காரர்தான்.